வலது முன் சக்கரம்

அத்தியாயம் 17

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் குகதாசன் காரைக் கொண்டுவந்து கட்டடத்து வாசலில் நிறுத்தியபோது, ஜெகதீஸ்வரி இரண்டு தலையணைகளோடு தயாராக நின்றாள். ஒன்று இடுப்புக்கு, மற்றது தோளுக்கு. முள்ளந்தண்டில் சத்திரசிகிச்சை நடந்து பத்து வாரங்கள் ஆகியிருந்தன. அன்றிலிருந்து அவள் கணவருக்குப் பக்கத்தில் இருந்து பயணம் செய்வதில்லை. பின் இருக்கையில் கால்களை நீட்டிச் சாய்ந்தபடிதான் பாரிஸ் புறநகரான வில்லியே லே பெல்லில் இருந்து நகரத்துக்குள் இருக்கும் லா சப்பலுக்கு வேலைக்குப் போய் வந்தாள்.

லா சப்பலில் ஒரு சேலைக்கடையில் அவளுக்கு வேலை. அதே தெருவில் நாலு கதவு தள்ளி, உணவகம் ஒன்றின் சமையலறையில் குகதாசனுக்கு வேலை. நெரிசல் நேர ரயிலில் நின்றுகொண்டு போக இனி அவளால் முடியாது. கார் ஓடினால்தான் அவளுக்கு வேலை என்ற நிலை.

ஆனால் அந்தக் காரே அவளுடைய முதுகுக்கு எதிரியாக இருந்தது. ஓல்னே-சூ-புவாவில் இருக்கும் ரொபேர் என்ற புதுச்சேரிக்காரரிடம் வாங்கிய பழைய ஜெர்மன் கார் அது. உள்ளே ஒரு கீறல் இல்லை. டயர்கள்தான் பிரச்சினை. காற்று முழுவதும் போனாலும் தொடர்ந்து ஓடக்கூடிய ரன்ஃப்ளாட் டயர்கள். பக்கங்கள் பலகை போலத் தடிப்பு. தெருவில் கிடக்கும் சின்னக் கல்லைக்கூட ஜெகதீஸ்வரியின் முள்ளந்தண்டுக்குச் சொல்லாமல் அவை தாண்டுவதில்லை. போன கிழமை மார்க்ஸ் டொர்மோய் தெருவில் ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியபோது அவள் சத்தமே இல்லாமல் அழுததைக் கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான், நாலையும் கழற்றிச் சாதாரண டயர் போடுவது என்று குகதாசன் முடிவெடுத்தார்.

அது நினைத்த மாதிரி லேசான காரியமாக இருக்கவில்லை. ஓல்னேயில் ஒரு பெரிய டயர்க் கடைக்குத் தொலைபேசியில் கேட்டபோது, தொழிற்சாலையில் எது போட்டு வந்ததோ அதைத்தான் போடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்குக் கிட்ட இருந்த இன்னொருவன், பின்னுக்கு மட்டும் ரெண்டு மாற்றலாம், முன்னுக்குப் பழையதே இருக்கட்டும் என்றான். கடைசியில் சேலைக்கடைக்கு வந்த ஒரு பெண்தான் சவிரிமுத்துவின் பெயரைச் சொன்னாள். போர்த் து லா சப்பலுக்குக் கிட்டக் கராஜ் வைத்திருக்கும் காரைக்கால் மனிதர். நாலையும் மாற்றினால்தான் மாற்றுவேன், இரண்டு இப்படி இரண்டு அப்படி என்றால் வளைவில் கார் ஒரு பக்கம் இழுக்கும், அந்தப் பாவத்தை நான் செய்யமாட்டேன் என்று அவர் தொலைபேசியிலேயே சொல்லியிருந்தார். ஜெகதீஸ்வரிக்கு அந்தக் கண்டிப்புப் பிடித்துப்போயிற்று.

அன்றைக்குத் திட்டம் இதுதான். பத்து மணிக்கு டயர் மாற்றுவது. மகள் தயாளினி ரயிலில் வந்து கராஜில் சேர்ந்துகொள்வாள். பிறகு மூவருமாகத் திரான்சிக்குப் போய்க் குகதாசனின் தங்கை கோசலை வீட்டில் சாப்பாடு. சாப்பிட்டதும் கோசலையின் இரண்டு பெண்பிள்ளைகளையும் நடன வகுப்புக்கு ஏற்றிக்கொண்டு போகவேண்டும். பள்ளிக்கூடம் இல்லாத புதன்கிழமைகளிலும் சனிக்கிழமைகளிலும் அந்தப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது மாமாவின் வேலை.

சாவியைத் திருப்பியபோது 'டிங்' என்று ஒரு மணிச் சத்தம் கேட்டது. சில நாட்களாகவே கேட்கிறது. ஜெகதீஸ்வரி சாய்ந்து இருப்பதால் பெல்ட் சத்தம் போடுகிறது என்று குகதாசன் சொல்லியிருந்தார். அவள் பெல்ட்டை ஒருமுறை இழுத்துச் சரிசெய்தாள். கார் புறப்பட்டது.

சவிரிமுத்துவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். எட்டு வயதில் பிரான்சுக்கு வந்தவர். ஆனாலும் தமிழ் காரைக்கால் தமிழாகவே இருந்தது. ஜெகதீஸ்வரியைக் கண்டதும் உள்ளே இருந்து கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். புதிய டயர்கள் நாலும் சுவரோரம் அடுக்கியிருந்தன. மாற்றிய பிறகு என்ன செய்யவேண்டும் என்று அவர் குகதாசனுக்கு விளக்கினார். இந்தக் காரில் உபரிச் சக்கரம் வைக்க இடமே கிடையாது. அதனால் ஓட்டை அடைக்கும் நுரை டப்பா ஒன்றும் சின்னக் காற்றுப் பம்பு ஒன்றும் தருகிறேன், காற்றுப் போனால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள், பழைய டயர் என்று நினைத்து ஓட்டிக்கொண்டு போகாதீர்கள் என்றார். குகதாசன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

கார், தூக்கும் மேடையில் மேலே போயிற்று. முதல் மூன்று சக்கரங்களோடு சவிரிமுத்து மல்லுக்கட்டவேண்டியிருந்தது. ரன்ஃப்ளாட் டயரின் விளிம்பு ரிம்மை லேசில் விடாது. டயர் கழற்றும் இயந்திரத்தின் கை இரண்டு தடவை வழுக்கியது. மூன்றையும் கழற்றி முடிக்க முக்கால் மணித்தியாலம் ஆயிற்று.

கடைசியாக வலது முன் சக்கரம். அதை இயந்திரத்தில் வைத்து அழுத்தியதும் எந்த எதிர்ப்பும் இல்லாமல் விளிம்பு கழன்றது. உள்ளே இருந்து கறுப்பாக ஏதோ தரையில் கொட்டியது. கோப்பித்தூள் போல, ஒரு கோப்பை நிறைய.

சவிரிமுத்து இயந்திரத்தை நிறுத்தினார். கையை உள்ளே விட்டு இன்னொரு பிடி எடுத்தார். டயரின் உட்சுவரை விரலால் தடவினார். பிறகு நாற்காலியில் இருந்த ஜெகதீஸ்வரியையும் காரின் பின் இருக்கையில் கிடந்த தலையணைகளையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் குகதாசனைக் கூப்பிட்டார்.

“அண்ணே, இதுல காத்தே இல்ல. இது ரப்பர் தூளு. சுவர் உள்ளேயே அரைஞ்சு போயிருக்கு. எத்தனை நாளா இப்படி ஓட்டுறீங்க?”

குகதாசன் சிரித்தார். கார் நேராகத்தானே ஓடுது, ஒரு குறையும் இல்லையே என்றார்.

அதுதான் இந்த டயரின் குணம் என்றார் சவிரிமுத்து. காற்றுப் போனாலும் கைக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் காலியாக ஓட அதற்கு ஒரு கணக்கு உண்டு. எண்பது கிலோமீற்றர், அதுவும் மெதுவாக. இது அதைத் தாண்டி எவ்வளவோ ஓடியிருக்கிறது. இன்னும் ஒருமுறை நெடுஞ்சாலையில் ஏறியிருந்தால் டயர் ரிம்மை விட்டுத் தனியாகப் போயிருக்கும்.

ஜெகதீஸ்வரி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தாள். ஒரு மணித்தியாலத்துக்கு முன்னர்தான் அவர்கள் நெடுஞ்சாலையால் வந்திருந்தார்கள். லொறிகளுக்கு நடுவில், அவள் கால்களை நீட்டிக்கொண்டு.

“கைக்குத் தெரியாதுன்னுதான் லைட்டு வெச்சிருக்கான். லைட்டு எரிஞ்சிருக்கணுமே அண்ணே. பார்க்கலையா?”

“ஒரு லைற்றும் எரியேல்லைத் தம்பி. எரிஞ்சால் நான் பாக்காமல் விடுவனோ?”

சவிரிமுத்து தூக்கும் மேடையை முழங்கால் உயரத்துக்கு இறக்கினார். சாரதிப் பக்கக் கதவைத் திறந்து, கையை உள்ளே நீட்டிச் சாவியைத் திருப்பினார். 'டிங்' என்றது.

பெல்ட் என்று குகதாசன் சொன்ன அதே சத்தம். ஜெகதீஸ்வரி மெதுவாக எழுந்து, காரில் கையை ஊன்றி நடந்து வந்து, சவிரிமுத்துவின் தோளுக்கு மேலால் பார்த்தாள். ஸ்டியரிங்குக்குப் பின்னால், வேகம் காட்டும் வட்டத்துக்குக் கீழே, செம்மஞ்சள் நிறத்தில் ஒரு விளக்கு எரிந்தது. குதிரை லாடம் போன்ற வளைவு, நடுவில் ஒரு கோடு, அதன் கீழே புள்ளி. பட்டப்பகலில் அங்கிருந்து பார்த்த அவளுக்கே அது பளிச்சென்று தெரிந்தது.

“எரியுதே,” என்றாள்.

குகதாசன் குனிந்து பார்த்தார்.

“எங்கை?”

சவிரிமுத்து ஆள்காட்டி விரலை நீட்டி விளக்குக்குப் பக்கத்தில் வைத்தார். “என் விரல் நுனிக்குப் பக்கத்துல அண்ணே.”

குகதாசன் அந்த விரலை நேராகப் பார்த்தார். பிறகு தலையை இடப்பக்கம் சரித்து, கடைக்கண்ணால் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பினார்.

“மஞ்சளா ஒரு புகை மாதிரிக் கிடக்கு,” என்றார்.

குளிர்காலம் முழுவதும் அவர் தொலைக்காட்சியை அப்படித்தான் பார்த்தார். கழுத்துப் பிடிப்பு என்று ஜெகதீஸ்வரி எண்ணெய் தேய்த்துவிட்டிருந்தாள். அவர் கடிதங்களைத் தயாளினியிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னது, கோப்பையில் ஊற்றும்போது விளிம்பில் விரலை வைத்துக்கொண்டது, எல்லாம் அந்தக் கராஜின் நடுவில் அவளுக்கு ஒன்றாக ஞாபகம் வந்தன. அவள் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். முப்பது வருடம் பழகிய முகம். அந்தக் கண்களுக்குள் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

“எப்ப தொடக்கம்?” என்று கேட்டாள்.

அவர் சொல்லத் தொடங்கினார். தை மாதம் தொடக்கம் என்றார். முதலில் வலது கண்ணின் நடுவில் ஒரு புகை. பிறகு இடது கண்ணிலும் கொஞ்சம். சுற்றிவரத் தெரியும், நேரே பார்ப்பதுதான் கலங்கும். தன் நீரிழிவால் வருகிற கண்நோயாக இருக்கும் என்று அவருக்கே தெரிந்திருந்தது. கண் டொக்டரிடம் இரண்டு தடவை நாள் குறித்து இரண்டு தடவையும் தானே ரத்துச் செய்திருந்தார். டொக்டர் பார்த்தால் கார் ஓடக்கூடாது என்று சொல்லிவிடுவார். முதலாவது நாள் அவளுடைய சத்திரசிகிச்சைக்கு முந்தின கிழமை வந்தது. இரண்டாவது, அவள் திரும்ப வேலைக்குப் போகத் தொடங்கிய கிழமை.

“அப்ப எப்பிடி ஓடினீங்கள்?”

“றோட்டு எனக்கு மனப்பாடம்தானே. முன்னுக்குப் போற காரின்ரை சிவப்பு லைற் தெரியும். அதைப் பிடிச்சுக்கொண்டு போவன்.”

இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. அதுதான் ஜெகதீஸ்வரியை உலுக்கியது. புதன்கிழமை கோசலையின் பிள்ளைகள் இரண்டும் பின் இருக்கையில் இருந்து பாட்டுப் பாடிக்கொண்டு வந்திருக்கும். முன்னுக்குப் போகும் காரின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு, காற்றில்லாத சக்கரத்தில், இந்த மனிதர் அவர்களைக் கொண்டுபோய் விட்டிருக்கிறார். அவள் காரின் கதவைப் பிடித்தாள். சவிரிமுத்து நாற்காலியை அவளுக்குப் பின்னால் தள்ளிவைத்தார். அவள் அதில் இருந்தாள்.

தயாளினி வந்தது அப்போதுதான். இருபத்தாறு வயது. காப்புறுதி நிறுவனம் ஒன்றில் வேலை. மூன்று கோப்பி வாங்கி ஒரு அட்டைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும், நோவு கூடிவிட்டதா என்று பிரெஞ்சில் கேட்டாள். ஜெகதீஸ்வரி நடந்ததை நாலு வசனத்தில் சொன்னாள். தயாளினி கோப்பித் தட்டைத் தரையில் வைத்தாள். அப்பாவுக்கு முன்னால் போய் நின்று, அவருடைய கண்ணுக்கு நேரே தன் கையைத் தூக்கிப் பிடித்தாள். அவர் அந்தக் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினார்.

இதற்குள் சவிரிமுத்து அந்த டயரை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்குப் போயிருந்தார். காற்றுப் போன காரணத்தைக் கண்டுபிடிக்காமல் டயரை ஒதுக்குவது அவர் வழக்கமில்லை. உள்ளே விளக்கைப் பிடித்துச் சுற்றிப் பார்த்தார். ஓரிடத்தில் நிறுத்தினார். குறட்டால் பிடித்து இழுத்தார். நாலு விரல் நீளத்தில் ஒரு மெல்லிய கம்பி வந்தது. ஒரு நுனி வளைந்து, அதில் சின்னதாக ஒரு கொண்டை இருந்தது. மற்ற நுனி முறிந்திருந்தது.

அதைத் துணியால் துடைத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவர் திரும்பி வந்தார். இவ்வளவு நேரமும் இருந்த கண்டிப்பு அவர் முகத்தில் இல்லை.

“ஆணியில்ல அண்ணே. சைக்கிள் சக்கரத்துக் கம்பி.”

தயாளினிக்கு உடனே விளங்கியது. ஜெகதீஸ்வரிக்கு ஒரு நிமிடம் எடுத்தது. தெருவில் கிடந்த கம்பி ஏறியிருக்கலாம் என்று அவள் சொல்லிப்பார்த்தாள். இருக்கலாம், ஆனால் தரையில் படும் பக்கத்தில் இல்லை, டயரின் ஓரத்தில் குத்தியிருக்கிறது, கம்பியும் இழுபட்டு முறிந்திருக்கிறது என்றார் சவிரிமுத்து. ஒரு சைக்கிள் சக்கரத்தின் மேல் ஏறினால்தான் இப்படி வரும்.

எப்போது, எங்கே என்று தயாளினி கேட்டாள். குகதாசன் விரல்விட்டு நாட்களை எண்ணினார். பிறகு, செவ்வாய்க்கிழமை காலமை என்றார். அன்றைக்கு நல்ல மழை. அம்மாவைக் கடை வாசலில் இறக்கிவிட்டு, உணவகத்துக்குப் பின்னால் இருக்கும் குறுகிய தெருவுக்குள், அந்த ஒழுங்கைக்குள், காரை விட இடம் தேடிப் போனேன். வலப்பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம். நடைபாதை விளிம்பில் ஏறிவிட்டேன் என்று நினைத்தேன் என்றார்.

“இறங்கிப் பாத்தீங்களா?” தயாளினி இப்போது தமிழில் கேட்டாள்.

“நிப்பாட்டினனான். கண்ணாடியிலை பாத்தன். ஒண்டும் தெரியேல்லை.”

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவருக்கே புரிந்தது போலிருந்தது. கைகளைப் பார்த்தார். வேறு சத்தம் ஏதாவது கேட்டதா என்று மகள் விடாமல் கேட்டாள்.

“பின்னாலை ஆரோ கத்தின மாதிரி இருந்தது. அந்த ஒழுங்கையிலை எப்பவும் ஆரும் கத்துவினம் பிள்ளை. நான் போயிட்டன்.”

கராஜுக்குப் பின்னால் தண்டவாளத்தில் ஒரு ரயில் போனது.

அதன் சத்தம் அடங்கியதும் சவிரிமுத்து பேசினார். கம்பியைக் கையில் உருட்டிக்கொண்டே, பழைய டயர்கள் திங்கட்கிழமை லொறியில் போய்விடும் என்றார். அதோடு எது போனாலும் யாரும் தேடமாட்டார்கள். நான் டயர் மாற்றினேன், அவ்வளவுதான், வேறு ஒன்றும் பார்க்கவில்லை என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பது ஜெகதீஸ்வரிக்குத் தெரிந்தது. ஒரு கணம், அந்த லொறியை அவள் மனத்தில் பார்த்தாள். திங்கட்கிழமை, டயர்கள், கம்பி, எல்லாம் போய்விடும். அந்த ஒரு கணத்துக்காக அவள் பிறகு வெட்கப்பட்டாள். கையை நீட்டிக் கம்பியை வாங்கிக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் வைத்தாள்.

“நீங்கள் நாலையும் பூட்டுங்கோ தம்பி,” என்றாள்.

புதிய டயர்கள் ஏறின. சவிரிமுத்து வழக்கத்தைவிடக் கவனமாக ஒவ்வொரு திருகையும் இறுக்கினார். நுரை டப்பாவையும் பம்பையும் பின்பெட்டியில் வைத்து, எப்படிப் பயன்படுத்துவது என்று இந்தத் தடவை தயாளினிக்குக் காட்டினார். சாவியையும் அவளிடமே கொடுத்தார். குகதாசன் அதைப் பார்த்தார். இரண்டு வருடத்துக்கு முன் தயாளினி சாரதிப் பத்திரம் எடுத்தபோது, பாரிஸ் தெருவில் உனக்கு ஓடத் தெரியாது என்று சொல்லி ஒருநாளும் அவளிடம் சாவியைக் கொடுத்ததில்லை.

அவர் தானாகவே போய் மற்றப் பக்கத்து இருக்கையில் இருந்தார். பெல்ட்டைப் போட்டார்.

முதலில் ஒரு வழக்கறிஞரிடம் கேட்கவேண்டும் என்றாள் தயாளினி. இடித்துவிட்டு நிற்காமல் போவது எவ்வளவு பெரிய குற்றம் என்று எனக்குத் தெரியும், தினமும் இப்படிப்பட்ட விபத்துக் கோப்புகளைப் பார்க்கிறேன், கேட்காமல் ஒரு அடி வைக்கக்கூடாது என்று பிரெஞ்சில் வேகமாகச் சொன்னாள். ஜெகதீஸ்வரியின் தொலைபேசி அடித்தது. கோசலை. பிள்ளைகள் வெளிக்கிட்டுத் தயாராக நிற்கிறார்கள் என்று சொல்ல எடுத்திருப்பாள். ஜெகதீஸ்வரி அதை அடிக்கவிட்டாள்.

குகதாசன் மகளின் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

“அந்த ஒழுங்கைக்குப் போ பிள்ளை. நான் பாக்கவேணும்.”

தயாளினிக்கு இரண்டு தடவை கார் நின்றுபோயிற்று. மூன்றாவது தடவை புறப்பட்டது. மார்க்ஸ் டொர்மோய் தெருவின் பள்ளம் வந்தது. ஜெகதீஸ்வரி பழக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். கார் இறங்கி ஏறியது. நோகவில்லை. இவ்வளவு நடந்த பிறகும் அந்தச் சுகத்தைத் தன் முதுகு கவனித்துவிட்டது என்பது அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

ஒழுங்கை குறுகலானது. ஒரு பக்கம் கடைகளின் பின்கதவுகள், மறுபக்கம் பழைய ஐந்து மாடிக் கட்டடங்கள். தயாளினி முனையிலேயே காரை நிறுத்தினாள். மூவரும் நடந்தார்கள். பாதித் தூரம் போனதும் ஜெகதீஸ்வரி நின்றுவிட்டாள்.

ஒரு கட்டட வாசலுக்குப் பக்கத்தில், தெருக்கம்பத்தோடு ஒரு சைக்கிள் பூட்டப்பட்டிருந்தது. முன்பக்கம் நன்றாகவே இருந்தது. பின் சக்கரம் அப்பளம் போல மடிந்திருந்தது. முறிந்த கம்பிகள் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. அந்தச் சக்கரத்துக்கு மேலே, நீல நிறத்தில், குழந்தையை வைத்துக் கட்டும் இருக்கை. அதன் ஒரு பக்கம் வெடித்திருந்தது.

தயாளினி வாயைக் கையால் பொத்தினாள்.

“என்ன? சொல்லுங்கோ,” என்றார் குகதாசன். தலையைச் சரித்துச் சரித்துப் பார்த்தார். தானே கிட்டப் போய், கையால் தடவினார். மடிந்த சக்கரம். கம்பிகள். பிறகு கை மேலே போய் இருக்கையில் பட்டது. அதன் வாரை விரல்களால் பின்தொடர்ந்தார். வாரின் முனையில் இருந்த கொளுவியைத் தொட்டதும் கை நின்றுவிட்டது.

“இது சின்னப் பிள்ளையள் இருக்கிற சீற்,” என்றார்.

கைப்பிடியில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு காகிதம் தொங்கியது. கையால் எழுதியது. தயாளினி அதை வாசித்தாள். அப்பாவுக்குத் தமிழில் சொன்னாள்.

“செவ்வாய்க்கிழமை காலமை எட்டரை மணிக்கு இஞ்சை நடந்ததை ஆராவது பார்த்திருந்தால், தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கோ எண்டு எழுதியிருக்கு. ஒரு நம்பர் இருக்கு. அவ்வளவுதான் அப்பா.”

என்ன நடந்தது என்று அந்தக் காகிதத்தில் இல்லை. ஜெகதீஸ்வரி அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். வெறுமையாக இருந்தது.

“அந்த நம்பருக்கு அடி,” என்றார் குகதாசன்.

தயாளினி தலையை ஆட்டி மறுத்தாள். நாளைக்கு, யாரையாவது கேட்டுவிட்டு, என்றாள். அவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். மகளின் கண்கள் அம்மாவிடம் போயின. அந்தக் கணத்தில் ஜெகதீஸ்வரிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பொலிஸ் வரும். சாரதிப் பத்திரம் போகும். கார் போகும், அவளுடைய வேலையும் போகும். அதற்கு மேலும் என்னென்ன வரும் என்று சொல்ல முடியாது.

“அடிச்சுக் குடு,” என்றாள்.

தயாளினி எண்ணை அழுத்திக் கொடுத்தாள். தொலைபேசி இரண்டு தடவை அடித்ததும் ஒரு பெண் குரல் எடுத்தது. ஒலிபெருக்கி போடாமலே அது பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டது. காகிதத்தைப் பார்த்து எடுப்பதாகக் குகதாசன் தன் சமையலறைப் பிரெஞ்சில் சொன்னார். அந்தக் குரல் ஒரேயடியாக மாறியது.

“நீங்கள் பார்த்தீர்களா? செவ்வாய்க்கிழமை? பார்த்தீர்களா?”

“இல்லை மதாம், நான் பார்க்கவில்லை,” என்றார். “இடித்தது நான்.”

மறுபக்கத்தில் இருந்து, மிக மெதுவாக, எங்கே நிற்கிறீர்கள் என்று அவள் கேட்டாள். உங்கள் சைக்கிளுக்குப் பக்கத்தில் என்றார் அவர்.

மேலே ஒரு ஜன்னல் திறக்கும் சத்தம். குகதாசன் சத்தம் வந்த திசைக்கு முகத்தை உயர்த்தினார்.

“ஆர் நிக்கினம்?”

“மூண்டாம் மாடியிலை ஒரு பொம்பிளை,” என்றாள் ஜெகதீஸ்வரி. “இடுப்பிலை பிள்ளை.”

“பிள்ளை... நல்லா இருக்கோ?”

அவள் பிள்ளையைப் பார்த்தாள். இரண்டு வயது இருக்கும், சுருட்டைத் தலைமுடி. கீழே நிற்பவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கால் ஜன்னல் விளிம்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது.

“சிரிக்குது,” என்றாள். “காலிலை மாக்கட்டு. துடை வரைக்கும் போட்டிருக்கு.”

குகதாசன் கம்பத்தைத் தேடிக் கையை நீட்டினார். தயாளினி அவருடைய கையைப் பிடித்தாள். அவர் நிமிர்ந்து நின்று, மகளின் கையை எடுத்துவிட்டு, சட்டைப் பொத்தானைச் சரிபார்த்தார். தலைமயிரைக் கையால் ஒதுக்கினார். நீங்கள் ரெண்டு பேரும் பின்னுக்கு நில்லுங்கோ என்றார்.

ஜன்னல் மூடியது. படிக்கட்டில் ஆள் இறங்கும் சத்தம் கேட்டது. வாசல் கதவின் பூட்டுத் திறந்துகொண்டது. அந்தப் பெண் குழந்தை இல்லாமல் தனியாக வந்தாள். தொலைபேசியைக் காதில் வைத்து, வேறு யாருடனோ கதைத்துக்கொண்டே வந்தாள். மூன்று அடி தூரத்தில் நின்று, தலையைச் சரித்துத் தன்னைப் பார்க்க முயலும் அந்த மனிதரை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஆமாம், இங்கேதான் நிற்கிறார்,” என்று தொலைபேசியில் சொன்னாள். “இல்லை. யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை. தானாக வந்திருக்கிறார்.”